துய்த்தலே காத்தல்

தன்னூரைத் தான் சுவைத்தல் எளிய செயலென்றே எவருங் கருதுவர். பிறந்த மண், பேசும் மொழி, நாளும் உண்ணும் உணவு, நாளுங் கேட்கும் ஓசை ஆகிய இவற்றைச் சுவைப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டுமோ என வினவத் தோன்றும். ஆயின், யான் கண்ட அளவில், அரிதாகக் கற்கப்படுங் கல்வி இதுவே. வேற்றூர் காணச் செல்பவன் கண்ணைத் திறந்துகொண்டு செல்கிறான். தன்னூரில் நடப்பவனோ, வழியைக் கால் அறியுமாதலால், கண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நடக்கிறான்.

சில காலத்துக்கு முன் உயர்தர வகுப்பு மாணவருக்கு, ‘யான் காண விரும்பும் நகரம்’ என்னுந் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தேன். இலண்டன், பாரிசு, ரொறன்ரோ, சிங்கப்பூர், சென்னை எனப் பல நகரங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தை ஒருவரேனும் எழுதவில்லை. அதிற் குற்றமில்லை, காணாததையன்றோ காண விரும்புவர்? ஆயினும், கட்டுரைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “நீங்கள் யாழ்ப்பாணத்தைக் கண்டிருக்கிறீர்களோ?” எனக் கேட்டேன். வகுப்புச் சிரித்தது. “இங்கேதானே ஐயா இருக்கிறோம்” என்றான் ஒரு மாணவன்.

அவ்வாறாயின் மூன்று வினாக்களுக்கு விடை கூறுக என்றேன். கூழுக்கு ஒடியல் மாவைக் கரைத்து நீர் வடிப்பது எதன்பொருட்டு? முன்னாளில் இந்நிலத்திலே தோண்டியெடுத்த சாயவேர் துணிக்கு எந்நிறத்தைத் தந்தது? தவில் வாசிப்போர் வலக்கை விரல்களில் அணிவது யாது? உணவைப் பற்றி ஒன்று. உடையைப் பற்றி ஒன்று. இசையைப் பற்றி ஒன்று. வகுப்பு அமைதியாயிற்று. அவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. அவர்தம் வயதில் எனக்கும் அவ்விடைகள் தெரியா. தெரியாமையால் யான் நாணிய ஒரு நாளும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். இக்கட்டுரை அம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறும் முயற்சியாகும்.

முதலில், துய்த்தல் என்னுஞ் சொல்லைச் சிறிது ஆராய்வோம். உண்பது வேறு, துய்ப்பது வேறு. பசி தீர்ந்தவுடன் உண்டல் முடிந்துவிடுகிறது. ஒன்றன் பயனை அதன் இயல்பறிந்து முழுமையாக நுகர்வதே துய்த்தல். இயல்பை அறிய வேண்டுமாயின், அப்பொருள் பிறந்த நிலத்தை அறிதல் வேண்டும். இவ்வுண்மையைத் தொல்காப்பியர் பண்டே உணர்ந்திருந்தார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அவற்றினின்று தோன்றுவனவற்றை அடுத்து எண்ணினார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன அவ்வரிசையில் வருகின்றன. அடுக்களையில் வேகும் உணவும் அரங்கில் ஒலிக்கும் யாழும் ஒரே வரிசையில் நிற்பதை நோக்குக. ஒன்று தாழ்ந்தது, மற்றொன்று உயர்ந்தது என்னும் பிரிவு அங்கே இல்லை. இரண்டும் நிலத்தின் பிள்ளைகள்.

அந்த நிலம் எத்தகையது? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே நீர் காணும். ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழை, கல்லின் வெடிப்புக்களூடே இறங்கி நிலத்தடியில் நன்னீராய்த் தங்குகிறது. அந்நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாதலின், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு படலமாய் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஆதலின் கிணற்றை நம்பி, துலாவிட்டு அளவோடு இறைத்து, பாத்திபாத்தியாகப் பாய்ச்சிப் பயிர்செய்தனர் நம் முன்னோர். மழை பொய்த்த காலத்திலுங் கைவிடாத மரம் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதுவே பனை.

மாரிக்கு முன் பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு மூடுவர். மாரி கழியுங் காலத்திற் கிழங்கைக் கிண்டியெடுப்பர். கிழங்கைப் பச்சையாகவே கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். இரண்டும் பல மாதங் கெடாமலிருக்கும். பழத்தின் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினாற் பனாட்டு. பதநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டி. அதனை இடுவதற்குரிய குட்டானும் பனையோலையே. ஈரமான மாரியையும் வறண்ட கோடையையும் ஒருசேர வென்ற சேமிப்பு முறை இது. குளிரூட்டும் பெட்டி வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே, வெயிலைப் பணிகொண்டு உணவைக் காத்த அறிவு இதனுள் அடங்கியிருக்கிறது.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். ஒடியலில் இயல்பாகவே கைப்பு உண்டு. மாவை நீரிற் கரைத்து அடையவிட்டு, மேனீரை வடித்து, மீண்டும் நீர்விட்டு, இவ்வாறு சில முறை செய்தால் அக்கைப்பு நீங்கும். முற்றாக நீங்குவதில்லை, நீங்கவும் ஆகாது. எஞ்சும் அச்சிறு கைப்பே கூழுக்குக் குணந் தருவது. கொதிக்கும் நீரில் ஒருபிடி அரிசி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்பன வேகும். கடற்கரையார் நண்டும் இறாலும் மீன்தலையும் இடுவர். மரக்கறி உண்போர் அவையின்றிக் காய்ச்சுவர். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியுஞ் சேர்ந்தபின், கரைத்த ஒடியல் மா ஈற்றில் வந்து எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பிணைக்கும். பனையோலையைக் கோலிய பிளாவில் ஊற்றிக் குடிப்பர். தோட்டமும் கடலும் பனந்தோப்பும் ஒரு பானையிற் கூடுகின்றன. கூழ் வறுமையின் உணவென்பர் சிலர். வறுமையோடு அறிவுஞ் சேர்ந்தபோது பிறந்த உணவென்பதே பொருந்தும்.

ஈண்டு ஒன்றை மறைத்தலாகாது. நமது உணவென்று நாம் பெருமிதங் கொள்ளும் யாவும் இம்மண்ணிலே தோன்றியன அல்ல. கூழைச் சிவக்கவைக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வழியாகக் கீழைத் தேயங்களுக்கு வந்தது. மரவள்ளியும் அக்கண்டத்ததே. முன்னர்க் காரத்துக்கு மிளகே இருந்தது. அம்மிளகின் பெயரிலிருந்தே புதிய காய்க்குப் பெயரும் இட்டுக்கொண்டோம். வந்த மிளகாயைக் கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றோடு வறுத்து இடித்து, யாழ்ப்பாணத்துத் தூள் என்று உலகோர் கேட்டு வாங்கும் ஒன்றாக்கியது நம் பெண்டிரின் கைத்திறன். பாண் என்பதும் சப்பாத்து என்பதும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. ஆகவே, பிறர் கலப்பற்ற தூய்மையிற் பண்பாடு தங்கியிருக்கவில்லை. வந்ததைத் தன் நிலத்துக்கும் நாவுக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளும் ஆற்றலே பண்பாடு.

கூழின் அருமையை யான் நூலிலிருந்து கற்றிலேன். 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது எனக்கு வயது 15. மழையில் நனைந்துகொண்டு, செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி, அடிமேலடி வைத்து நகர்ந்த கூட்டத்தில் எம் குடும்பமும் ஒன்று. கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு பாடசாலை மண்டபத்திற் பல குடும்பங்களோடு தங்கினோம். சில நாள் கழித்து, அயல்வீட்டு முதியவர் ஒருவர் பெரிய கிடாரம் ஒன்றிற் கூழ் காய்ச்சிக் கொணர்வித்தார். மீனுமில்லை, நண்டுமில்லை, பலாக்கொட்டையும் முருங்கையிலையும் ஒடியலுமே இருந்தன. பிள்ளைகள் ஓலை கோலினோம். யாவரும் ஒரே கிடாரத்திலிருந்து குடித்தோம். எவர் எக்குலம் என்று அன்று மாலை எவருங் கேட்கவில்லை. ஊர் திரும்பிய பின்னரே மறுபடியுங் கேட்கத் தொடங்கினோம்.

அத்தகைய கூழைக் குடித்த நாவே பின்னர் நன்றி மறந்தது. வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்காகக் கண்டியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த காலத்தில், அம்மா கட்டித் தந்த பொதியிற் புழுக்கொடியலும் பனங்கட்டிக் குட்டானும் பருத்தித்துறைத் தட்டைவடையும் இருந்தன. உடனிருந்தோர் சிரிப்பரோ என அஞ்சி, அப்பொதியைக் கட்டிலின் கீழே தள்ளி வைத்தேன். மணத்தால் அதனை அறிந்து எடுத்தவர் காலிப் பக்கத்துச் சிங்கள நண்பர் ஒருவர். புழுக்கொடியலைக் கடித்துப் பார்த்தார். தேங்காய்ச் சொட்டோடு தின்னலாம் என யான் சொல்ல, அவ்வாறே தின்றார். மிக நன்று என்றார். பின், “இதனை எவ்வாறு செய்கிறார்கள்?” எனக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவர் சிரித்திருந்தாற்கூட அவ்வளவு நாணியிரேன். தன்னுடையதை மறைத்தவன், அதனை அறியாதவனுமாய் நின்றேன். ஊர் வந்ததும் அம்மாவிடம் முதன்முதலாகக் கேட்டது பனங்கிழங்கைப் பற்றியே. பட்டப்படிப்பில் யான் கற்ற பாடங்களுள் இதனையும் ஒன்றாக எண்ணுகிறேன்.

உணவிலிருந்து உடைக்கு வருவோம். தொல்காப்பியர் கூறிய அவ்வரிசையில் உடை இல்லை. ஆயினும் உடையும் நிலத்தையும் பொழுதையும் ஒட்டியதே. வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் மிக்க இந்நாட்டிற் பருத்தி வேட்டியினும் ஏற்ற உடை பிறிதில்லை. அது தையலில்லாத துணி. ஒருவன் உடலளவுக்கு வெட்டப்படாதது. ஆதலால் தந்தையின் வேட்டி மகனுக்கும் பொருந்தும். பழையதானாற் குழந்தைக்கு ஏணையாகும். கிழிந்தால் விளக்குக்குத் திரியாகும். வீணென்று எறிவதற்கு அதில் ஒரு பகுதியுமில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில், நம் இளைஞர் வேட்டி கட்டி, மேலாடையின்றி, வெண்மணலில் நடந்து வருங் கோலத்தைக் காணும்போது, அவ்வுடை அவர்களுக்கு எத்துணை அழகு செய்கிறது என்பது விளங்கும். ஆயின் இருபத்தாறாம் நாள் அவ்வேட்டி பெட்டிக்குட் போய்விடுகிறது. உடை வேடமாகிவிடுவது அப்போதே.

இரண்டாம் வினாவின் சாயவேர் சிவப்பு நிறந் தருவது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களிலே தோண்டப்பட்ட இவ்வேரை, 1658 முதல் 1795 வரை இங்கு ஆண்ட ஒல்லாந்தர், வாணிகப் பொருளாகத் தம் பிடியில் வைத்திருந்தனர். மேனாட்டார் பஞ்சுச் சாயங்களை இரசாயன முறையில் ஆக்கத் தொடங்கியபின் அவ்வேரை நாடுவாரில்லை. நெசவின் கதையும் இதனை ஒத்ததே. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், கைத்தறிக்கும் நம் தோட்டத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்தது. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, நாடெங்குந் தறிகள் பல ஓய்ந்தன. நெய்வோர் கைத்திறன் ஓராண்டிற் குன்றவில்லை. வாங்குவோர் கண் வேறு பக்கந் திரும்பிற்று. உடுப்போர் இல்லாத ஊரில் நெய்வோர் இரார் என்பதை இவ்விரு செய்திகளுங் காட்டும்.

இசைக்கும் இந்நகருக்குமுள்ள தொடர்பு பெயரிலேயே தொடங்குகிறது. யாழ் வாசிப்பில் வல்ல பாணன் ஒருவன் இம்மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்பது ஐதிகம். கதை எவ்வாறாயினும், இசைக்கலைஞன் ஒருவன் பெயரைத் தன் பெயராகக் கொண்டு பெருமைப்படும் ஊர் இது. யாழ் மறைந்தது, ஆயின் தவிலும் நாகசுரமும் இங்கே தழைத்தன. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த தவிலைத் தமிழகத்து நாகசுர மேதைகளும் விரும்பி அழைத்துக் கேட்டனர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாகசுரத்தை நினைவுகூர்வோர் இன்றும் பலர். இணுவிலும் அளவெட்டியும் இசையுலகிற் பெயர்பெற்றது இத்தகையோரால்.

தவிலை அறிந்து கேட்பது எவ்வாறு? அதன் உடல் பலாமரத்திற் குடைந்தது. கூழிற் கொட்டை, தவிலிற் கட்டை. ஒரு மரமே நாவுக்குஞ் செவிக்கும் விருந்து செய்கிறது. இடப்பக்கத்தைக் கழியால் அடிப்பர். வலப்பக்கத்தை அடிக்கும் வலக்கை விரல்களில், துணியைப் பசையிட்டுச் சுற்றி உலர்த்திய கூடுகளை அணிவர். அதுவே மூன்றாம் வினாவுக்கு விடை. கழியின் ஓசை கனத்தது. கூட்டின் ஓசை கூரியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று துரத்திப் பிரிந்து, கணக்குத் தவறாது மீண்டும் ஓரிடத்திற் சந்திப்பதே தனியாவர்த்தனத்தின் இன்பம். தாளத்தைத் தன் தொடையிற் போட்டுக்கொண்டு கேட்பவனுக்கே அச்சந்திப்பு இனிக்கும். மற்றையோனுக்கு அது பேரொலி மட்டுமே. கோயில் வெளிவீதி மணலில் அமர்ந்து, கச்சான் உடைத்துக்கொண்டு, விடியும்வரை மேளச்சமாக் கேட்ட நம் பாட்டன்மாருட் பலர் இசைநூல் கற்றவரல்லர். ஆயினுங் கணக்குத் தவறினால் அவர் கை நின்றுவிடும். வாசிப்போரும் அக்கைகளைப் பார்த்தே வாசித்தனர். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயானகாண்டத்திற் பாடிய இரவுகளிலும் அத்தகைய அவையே எதிரில் இருந்தது. நல்ல அவை நல்ல கலைஞனை ஆக்குகிறது.

இதற்கு என் இளமையிலிருந்து ஒரு சான்று தருவேன். 1990இன் பின் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மின்கலமுங் கிடைத்தற்கரிது. துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னைக்கொண்டு வானொலி கேட்டோம். சுழற்றும் கை தளர்ந்தாற் பாட்டுந் தளரும். கை நின்றாற் பாட்டும் நிற்கும். என் தமையனும் யானும் முறை வைத்துச் சுழற்றினோம். அக்காலத்திற் கேட்ட பாட்டுக்களின் ஒவ்வொரு திருப்பமும் இன்றும் நினைவிலிருக்கிறது. இன்று சட்டைப்பையிலுள்ள தொலைபேசியில் ஆயிரம் பாட்டுக்கள் உள்ளன. ஒன்றையேனும் ஈறுவரை கேட்பது அரிது. பண்பாடு முழுவதும் அவ்வானொலியைப் போன்றதென்றே எனக்குத் தோன்றுகிறது. எவரேனும் ஒருவர் சுழற்றிக்கொண்டிருந்தால் மட்டுமே அது ஒலிக்கும்.

இதுகாறும் இன்பத்தைக் கூறினேன். இனி, கூறாமல் விடுதற்கியலாத ஒன்றையுங் கூறவேண்டும். இவ்வின்பங்களை இந்நகரத்தார் யாவரும் ஒருபடித்தாய்த் துய்க்க நாம் விட்டோமல்லேம். பனையேறியவர், ஓலை இழைத்தவர், பறை முழக்கியவர், நெய்தவர் எனப் பலர் கையால் ஆனது இப்பண்பாடு. செய்த பொருளை உள்ளே எடுத்துக்கொண்டு செய்தவரை வெளியே நிறுத்தினோம். தோளிற் சால்வையிடும் உரிமை பலருக்கு மறுக்கப்பட்டது. பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்று 1930ஆம் ஆண்டளவிற் கிளர்ச்சி செய்யவேண்டியிருந்தது. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராடவேண்டியிருந்தது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியதாய் எண்ணிய பறையை, நாம் செத்தவீட்டுக்கு உரியதாய்ச் சுருக்கினோம். பிளாவிலுள்ள கூழில் இல்லாத கைப்பு இவ்வரலாற்றில் இருக்கிறது. எத்தனைமுறை நீர் வடித்தாலும் ஒப்புக்கொள்ளாதவரை அது போகாது.

பிறிதொன்றும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஒற்றோபரில் வடமாகாணத்து முசிலிம் மக்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். யாழ்நகரத்தார் வெளியேறிய நாள் ஒற்றோபர் 30. அவர்களுக்குக் கிடைத்த அவகாசமோ சில மணிநேரமே. தலைமுறை தலைமுறையாக இந்நகரில் வணிகமும் தையலும் பிற தொழில்களுஞ் செய்து, நம் மொழியே பேசி வாழ்ந்தவர் அவர். சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே திகதியில், நாமும் மூட்டை சுமந்து மழையில் நடந்தோம். அன்று நம்முள் எத்துணைப்பேர் அவர்களை நினைத்தனர்? மீண்டுவந்தோர் சிலர், வாராதோர் பலர். ஒரு தெருவின் அடுக்களைகள் அணைந்தால், அது அந்தத் தெருவின் இழப்பு மட்டுமன்று; நகரத்தின் நாவே ஒரு சுவையை இழக்கிறது. நகரைத் துய்த்தல் என்பதில், அதில் வாழ்வோர் யாவரோடும் இருந்து துய்த்தல் என்பதும் அடங்கும்.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பைப் பேசும்போதெல்லாம் நாம் கண்கலங்குகிறோம், கலங்குதல் தகும். ஆயின் நூலில் எழுதப்படாமல், கையிலும் நாவிலுஞ் செவியிலும் இருந்த அறிவை அத்தீ தொடவில்லை. அதனை அழிப்பதற்குத் தீ வேண்டியதில்லை. நீத்துப்பெட்டிக்குப் பதிலாக அலுமினியப் பாத்திரத்தை வாங்குந்தோறும், ஓலை இழைக்கும் ஒரு கை ஓய்கிறது. மேளச்சமா நடக்கும்போது நாம் எழுந்து வீடு போகுந்தோறும், தவிற்காரர் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்பத் துணிகிறார். இதில் எவர்மேலும் பகையில்லை, எவருங் கொளுத்தவில்லை. வேண்டுவார் இன்மையால் தானே அணைகிறது. பிறர் செய்த அழிவை வருந்தி நினைக்கும் நாம், நம் மறதியாற் செய்யும் அழிவைக் காணாதிருத்தல் நன்றன்று.

அதற்காகப் பழையன யாவற்றையுங் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுக என்று சொல்கின்றேனல்லேன். மருதனார்மடத்துக் கலைப்பீடத்தில் இன்றும் இளைஞர் பயில்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது பாராட்டுரையன்று, செவி. பனைப்பொருள் விற்போருக்கு வேண்டுவது அனுதாபமன்று, உரிய விலை. நோவார்க்குச் செய்யும் உதவியாக எண்ணி வாங்குதலும் பயன் தராது. நல்லதை நல்லதென்றும், பழுதைப் பழுதென்றும் அறிந்து வாங்குவோனே கைவினைஞனை மதிக்கிறான். பெருமை பேசுவோரால் ஒரு பண்பாடு வாழ்வதில்லை. குறைநிறை அறிந்து கேட்போராலும் உண்போராலும் உடுப்போராலுமே வாழ்கிறது.

மாணவரே, உங்களுட் பலர் இவ்வூரை விட்டுச் செல்வீர்கள். செல்லுதல் குற்றமன்று. செல்லுமுன் ஓர் ஆண்டு இந்நகரை வேற்றூரான் பார்ப்பதுபோற் பாருங்கள். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரத்தொடங்கிய பின், தெற்கிலிருந்து வருவோர் விடியற்காலையில் நம் சந்தைகளிற் கேள்விமேற் கேள்வி கேட்டு நிற்கின்றனர். அவ்வினாக்களை நீங்களுங் கேளுங்கள். கறுத்தக்கொழும்பான் எப்போது பழுக்கும் என்று திருநெல்வேலிச் சந்தையிற் கேளுங்கள். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் வேகும்போது அடுப்படியில் நில்லுங்கள். பாசையூரிலும் குருநகரிலும் கத்தோலிக்க மக்கள் புனிதர் வரலாற்றைக் கூத்தாக ஆடும் இரவு கிடைப்பின், விடியும்வரை இருங்கள். செய்வோர் எவராயினும் அவருடன் ஒரு வாங்கில் இருந்து பேசுங்கள். விடை தெரியாமல் நாணும் நாள் உங்களுக்கும் வாராதிருக்க இதுவே வழி.

அன்று வகுப்பில், “இங்கேதானே ஐயா இருக்கிறோம்” என்ற மாணவன், ஒரு மாதங் கழித்து என்னிடம் வந்தான். கூழுக்கு மா கரைக்கும் முறையை வீட்டிற் கேட்டானாம். மூன்றுமுறை நீர் வடித்தாற் போதுமென்கிறாராம் அம்மம்மா. ஐந்துமுறை வேண்டுமென்கிறாராம் அப்பாச்சி. “எது சரி, ஐயா?” எனக் கேட்டான். யான் விடை கூறவில்லை. இரண்டு வீட்டுக் கூழையுங் குடித்துப் பார்த்துவிட்டு, வேறுபாட்டை எழுதிக்கொண்டு வருமாறு பணித்தேன். அக்கட்டுரையையே இப்போது எதிர்பார்த்திருக்கிறேன்.